ஒன்று நீளம், இரண்டு குட்டை

நேரம் பதினொன்றே முக்கால். கந்தளாய் தாண்டிப் பத்துக் கிலோமீற்றர் இருக்கும். முன்னுக்கும் வெளிச்சமில்லை, பின்னுக்கும் வெளிச்சமில்லை. வேன் செத்துப்போய் நிற்கிறது. மெக்கானிக் திருகோணமலையிலிருந்து வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று வேன் ஓட்டி வந்த சிவரூபன் சொல்கிறார். இறங்கி நிற்கவும் ஏலாது... அந்தப் பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்கிறதுதானே? அது காற்று இல்லை. யானை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருங்கோ.

சரி, கலியாண வீட்டுச் சாப்பாடு செமிக்க ஒரு கதை கேட்டீர்கள். அதோடு இந்தச் சோபனா வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் என்னை நக்கலடிக்கிறாள். லோஜினி கடைசி சீற்றில் இருக்கமாட்டாளாம், தன்னை மகாராணி என்று நினைப்பாம். பாவம் கமலேஸ்வரி அக்கா, கந்தோரில் எங்களோடு வேலை செய்கிறவர்களிலேயே வயதுக்கு மூத்தவர், எனக்காகப் பின்னால் போய்ப் பலகாரப் பெட்டிகளுக்கு நடுவில் முடங்கிக்கொண்டு இருக்கிறார். ஏன் இருக்கமாட்டேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரியுங்கோ.

பாலையூற்றில் எனக்கொரு சிநேகிதி. சுதர்ஷிகா. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தோம். அவளுடைய அண்ணன் கிருஷாந்தன் கயாக்கில் ஆட்களைக் கூட்டிப்போகிற வேலை செய்தவர். கயாக் தெரியும்தானே... ஒடுங்கல் பிளாஸ்டிக் தோணி. இடுப்புவரை உள்ளே புகுந்து இருந்துகொண்டு, இரண்டு முனையும் தட்டையான ஒரு துடுப்பால் மாறி மாறி வலிப்பது. மூன்று நாள் பயணம். வெருகலுக்கு மேலே ஆற்றில் இறங்கி, வழியில் கிடக்கிற திட்டுகளில் ஏறிப் பார்த்து, இரவில் அங்கேயே கூடாரம் அடித்து, மூன்றாம் நாள் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கடலோரக் களப்பில் கரையேறுவார்கள். சின்னச் சின்னத் தீவுகள். சிலது நாலு மரமும் ஒரு மணல் மேடும்தான். பெயர்கூட இல்லை.

முன் தோணியில் கிருஷாந்தன். கடைசித் தோணியில் அஞ்சலோ. அஞ்சலோ சுதர்ஷிகாவின் மனுசன். கலியாணம் முடித்து எட்டு மாதம். சரியான பகிடிக்காரன், செத்த வீட்டிலும் ஆட்களைச் சிரிக்கவைத்துவிடுவான்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கோ. சேற்றில் வேர் விட்டு நிற்கிற கண்டல் காட்டுக்குள் போகிற ஓடையில் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க ஏலாது. ஒடுங்கல் தோணி, உடம்பைத் திருப்பினால் கவிழும். தண்ணீருக்குள் கட்டை கிடக்கும், கண்ணை எடுக்க ஏலாது. அதனால் விசில். லைஃப் ஜாக்கெட்டின் தோளில் ஒரு செம்மஞ்சள் விசில் நூலில் தொங்கும். ஒவ்வொரு வளைவும் தாண்டியதும் கிருஷாந்தன் நீளமாக ஒன்று ஊதுவார். எல்லாரும் இருக்கிறீர்களா என்று அர்த்தம். கடைசியில் வருகிற அஞ்சலோ குட்டையாக இரண்டு ஊதுவான். எல்லாரும் இருக்கிறோம், நீ போ. நாலு வருசம் இப்படித்தான் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

என்ன அக்கா, பின்னுக்கிருந்து முணுமுணுக்கிறீங்கள்? ஓம், முதலையும் இருக்கு. ஆனால் இது முதலைக் கதை இல்லை.

போன வருசம் மாசி மாதம். மழை விட்டிருந்தது, ஆறு இன்னும் கலங்கல். கொழும்பிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒரே வங்கியில் வேலை செய்கிற ஆட்கள். அவர்களுக்குள் கீர்த்தனி என்று ஒரு பிள்ளை. இரண்டிரண்டு பேராக இரண்டு தோணி. அவர்களுக்கு முன்னால் கிருஷாந்தன், பின்னால் அஞ்சலோ. மொத்தம் ஆறு பேர்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. நல்ல வெயில். வளைவுக்கு வளைவு ஒன்று நீளம்... இரண்டு குட்டை. ஒன்று நீளம்... இரண்டு குட்டை. பின்னேரம் ஒரு திட்டில் ஏறினார்கள். விறகு மூட்டி, பாணும் ரின்னில் அடைத்த மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். நுளம்பு கடிக்காமல் இருக்க நுளம்புத்திரி கொளுத்தி வைத்துக்கொண்டு கொழும்பு ஆட்கள் பாட்டுப் பாடினார்கள். அஞ்சலோ பாடவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். படுக்கப் போகிற நேரம் கிருஷாந்தனுக்குக் கிட்ட வந்தான்.

"மச்சான், எங்களுக்குப் பின்னால வேற ஆரும் வருகினமோ?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அவ்வளவுதான். கொழும்பு ஆட்களைப் பயப்படுத்த ஏதோ பகிடி தயார் பண்ணுகிறான் என்று கிருஷாந்தன் நினைத்துவிட்டார். இன்றைக்கும் அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

இரண்டாம் நாள் காலை ஓடைக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் கண்டல். மேலே கொப்பும் கொப்பும் சேர்ந்து மூடிக் கிடக்கும், பகலிலும் மங்கல்தான். அழுகின இலை மணம். சேற்றுக்குள் நண்டு ஓடுகிற சின்னச் சத்தம். வாடைக்காற்று நல்ல பலம், பத்தடிக்கு அப்பால் ஆள் கத்தினாலும் கேட்காது. விசில் மட்டும் கேட்கும்.

ஐந்து வளைவு. முதலாவது வளைவு தாண்டி ஊதினார்... இரண்டு குட்டை வந்தது. இரண்டாவது... வந்தது. மூன்றாவது... வந்தது. நாலாவது... ஐந்தாவது... சொல்லி வைத்த மாதிரி வந்தது.

ஓடை முடிகிற இடத்தில் கொக்குத்திட்டு என்று அவர்களே பெயர் வைத்த ஒரு திட்டு. கிருஷாந்தன் மணலில் ஏறினார். முதல் சோடி வந்தது. இரண்டாவது சோடி வந்தது. அஞ்சலோ வரவில்லை. கிருஷாந்தன் நின்ற இடத்திலேயே ஒன்று ஊதினார். ஓடைக்குள்ளிருந்து இரண்டு குட்டை. "வாறான்," என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டினார். தேத்தண்ணீர் கொதித்தது. திரும்பவும் ஊதினார். இரண்டு குட்டை. மெல்ல, ஆறுதலாக வருகிறான், பகிடிக்கு ஒளிந்து நிற்கிறான்... இப்படி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார்கள். அஞ்சலோவின் கோப்பையை ஒரு மூடியால் மூடி வைத்தார்கள்.

அரை மணித்தியாலம் அப்படிப் போனது.

பிறகுதான் கிருஷாந்தன் தோணியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். ஊதிக்கொண்டே போனார். நாலாவது வளைவில் ஒரு கிளை ஓடை பிரியும். பதில் அந்தக் கிளைக்குள்ளிருந்து வந்தது. வழி மாறிப் போய்விட்டான் என்று அதற்குள் திரும்பினார். போகப் போகப் பதில் முன்னுக்கு முன்னுக்குப் போனது. கிளை ஓடை ஒரு திட்டில் முடிந்தது. திட்டில் ஒருவரும் இல்லை. மணலில் ஒரு கால்தடம் இல்லை. ஊதினார். அடுத்த திட்டிலிருந்து இரண்டு குட்டை.

மத்தியானத்துக்குள் தொலைபேசி எடுபடுகிற இடம் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டிய எல்லாருக்கும் சொன்னார். பொலிஸ் வந்தது, கடற்படை வந்தது. முகத்துவாரத்தில் மீன்பிடிக்கிற பக்கீர் நானா இரண்டு வள்ளத்தோடு வந்தார். எல்லாருக்கும் விசில் கேட்டது. அதைச் சொல்ல வேண்டும். கிருஷாந்தனுக்கு மட்டும் கேட்ட சத்தம் இல்லை. கேட்ட திசைக்கெல்லாம் போனார்கள். ஆள் உயிரோடு இருக்கிறான், பதில் சொல்கிறான், பிறகென்ன? இரவிரவாக டோர்ச் அடித்துத் திட்டுத் திட்டாக ஏறினார்கள். ஒவ்வொரு திட்டிலும் ஒன்றுமில்லை. அடுத்த திட்டிலிருந்து பதில்.

அந்த நேரம் பாலையூற்றில் சுதர்ஷிகா மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் தொலைபேசியில் கத்தினார், "சத்தம் கேக்குது தங்கச்சி, ஆள் இருக்கிறான், அழாத." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விடியப்புறம் பக்கீர் நானா வள்ளத்தை நிற்பாட்டிவிட்டார். கிருஷாந்தனின் கையிலிருந்து விசிலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இனி ஊத வாணாம். ஒரு பகலும் ஒரு ராவும் ஒரே மூச்சுல ஊதுது. ஊதுறவனுக்குக் களைக்கவே இல்ல. மனிசனெண்டா களைக்கும்."

அதோடு விசில் நின்றது. இவர்கள் ஊதாவிட்டால் அதுவும் ஊதவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆற்றுத் தண்ணீர் ஒரு சாண் வற்றியது. இரண்டாவது வளைவில், சரிந்து கிடந்த ஒரு கண்டல் மரத்துக்குக் கீழே, நீல நிறத்தில் தோணியின் அடிப்பக்கம் தெரிந்தது. கவிழ்ந்து, வேருக்கும் கொப்புக்கும் நடுவில் இறுகிப் போயிருந்தது. அஞ்சலோ அதற்குள் இருந்தான்.

இரண்டாவது வளைவு. விளங்குகிறதா? அதற்குப் பிறகு மூன்று வளைவு. மூன்றிலும் பதில் வந்தது.

உடனே சாகவில்லை என்று வைத்தியர் சொன்னார். முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கியிருக்கிறான். இருபது நிமிசம், அரை மணித்தியாலம். நகத்துக்குள் முழுக்க மரப்பட்டை. கத்தியிருப்பான், காற்றில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. அந்த நேரம் இவர்கள் மணலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் இருக்கிறோம் என்று விசில் சொன்னதே. கிருஷாந்தன் தோணிகளை விற்றுவிட்டார். தேத்தண்ணீரையும் விட்டுவிட்டார். தங்கச்சியின் வீட்டு வாசலுக்கு வருவார், படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உள்ளே வராமல் திரும்பிவிடுவார்.

இது பாதிக் கதைதான். அக்கா, நித்திரை கொள்ளாமல் கேளுங்கோ.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. வந்த சனம் எல்லாம் போய்விட்டது. நான் குசினியில் சட்டி பானை கழுவிக்கொண்டு நின்றேன். சுதர்ஷிகா கறுப்புச் சீலையை மாற்றிப் வீட்டில் போடுகிற பழைய சோட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சோட்டிப் பைக்குள் கையை விட்டு ஒரு சாமானை எடுத்து நீட்டினாள்.

செம்மஞ்சள் விசில்.

பயணத்துக்கு முந்தின புதன்கிழமை அஞ்சலோவின் லைஃப் ஜாக்கெட்டைத் தோய்த்தவள் அவள்தான். சேற்று மணம் அடித்ததாம். விசில் நூலில் பாசி பிடித்திருந்ததால் அவிழ்த்துப் பையில் போட்டிருக்கிறாள். வேறு நூல் கட்ட நினைத்திருக்கிறாள். அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கினாள். மறந்துவிட்டாள்.

அப்படியென்றால் பயணம் தொடங்கினதிலிருந்தே அவனிடம் விசில் இல்லை. முதல் நாள், முதல் வளைவிலேயே இல்லை.

அடுத்த நாள் நான் கீர்த்தனியின் நம்பரைத் தேடி எடுத்தேன். அஞ்சலோ விசில் ஊதினதைக் கண்ணால் கண்டாயா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னாள். "அக்கா, முதல் நாள் நான் ஒருக்காத் திரும்பிப் பாத்தனான். கவிழப் பாத்திட்டுது. அப்ப விசில் கேட்டது. அவற்ற ரெண்டு கையும் துடுப்பில இருந்தது. வாய் மூடி இருந்தது. அவரும் திரும்பிப் பின்னாலதான் பாத்துக்கொண்டு இருந்தவர்."

இதைச் சுதர்ஷிகாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன், என் வாய் அப்படி. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"இதுக்கு முந்தின பயணத்தில தண்ணிக் கானை மறந்திட்டுப் போனவர். அண்ணா ஆக்களுக்கு முன்னால ஏசிப்போட்டார். விசிலும் இல்லையெண்டா இன்னும் ஏசுவார் எண்டு பேசாம இருந்திருப்பார். பதில்தான் வந்துகொண்டிருக்குதே எண்டு விட்டிருப்பார்."

ஏச்சுக்குப் பயந்து ஒரு மனுசன் செத்துப்போனான். பாருங்கோ, எவ்வளவு சின்ன விசயம்.

அதற்குப் பிறகு சுதர்ஷிகா ஒரு வேலை தொடங்கினாள். பொழுதுபட்ட கருகல் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போய் நின்று அந்த விசிலை ஊதுவாள். நீளமாக ஒன்று. எனக்குத் தெரியாது. ஒருநாள் பின்னேரம் போனபோது கண்டேன். பாலையூற்றில் ஆறும் இல்லை, கண்டலும் இல்லை. சுற்றிவர வீடு. ஒரு வீட்டில் ரீவி போகிறது, ஒரு வீட்டில் கருவாடு பொரிக்கிற மணம். அவள் ஊதினாள். ஒழுங்கையின் அந்தத் தொங்கலிலிருந்து, தெரு முடிகிற இடத்திலிருந்து... இரண்டு குட்டை.

யாரோ சின்னப் பிள்ளை விளையாடுகிறது என்று சொன்னேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"அது அவர் இல்லை லோஜினி. எனக்குத் தெரியும். அவரைச் சாகவிட்டதே அதுதான்."

"பிறகேன் விசரி ஊதுறாய்?"

"எல்லாரும் இருக்கிறம் எண்டு சொல்லுதே. எனக்கு வேற ஆர் அப்பிடிச் சொல்லுகினம்?"

நான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

ஒவ்வொரு கிழமையும் போனேன். ஒவ்வொரு கிழமையும் பதில் கிட்ட வந்தது. முதலில் ஒழுங்கைத் தொங்கல். பிறகு படலையடி. பிறகு கிணற்றடி. கடைசியாகப் போன நாள், அவள் கோடியில் நின்று ஊத, பூட்டிக் கிடந்த அவளுடைய குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விசிலைப் பறித்து அலுமாரிக்குள் எறிந்து பூட்டினேன். சாவியை என் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் மறிக்கவில்லை. அன்று இரவு அங்கேயே படுத்தேன்.

நிலத்தில் பாய் போட்டு இரண்டு பேரும் படுத்தோம். அவள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நான் சுவரோரமாகப் படுத்தேன். என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. லைற் நூர்த்தாயிற்று. மின்விசிறி கறகற என்று சுற்றியது. ஒரு மணி அடித்தது தெரியும்.

அதற்குப் பிறகு... படலைக்கு வெளியே விசில் கேட்டது.

இரண்டு குட்டை இல்லை. ஒன்று. நீளமாக.

இவ்வளவு நாளும் அது பதில்தான் சொன்னது. இப்போது கேட்கிறது. எல்லாரும் இருக்கிறீர்களா என்று கேட்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். விசில் அலுமாரிக்குள், சாவி என் கழுத்தில், சுதர்ஷிகா எனக்கு முன்னால் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

அழுகின கண்டல் இலை மணம் வந்தது. என் பிடரியில் ஈரமாக ஒரு காற்றுப் பட்டது. எனக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து... என் காதடியில்... இரண்டு குட்டை.

நான் திரும்ப முயன்றேன். தோள் அசைந்துவிட்டது. அப்போது சுதர்ஷிகா கண் திறக்காமல், நித்திரைக் குரலில், மெல்லச் சொன்னாள்.

"திரும்பாத. திரும்பினாக் கவிழும்."

விடியும்வரை நான் அசையவில்லை. காலையில் என் சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து, சேற்று மணம் அடித்தது. சுதர்ஷிகா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "எண்ணுறதில்லை," என்றாள். எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "எங்க போனாலும் கடைசியா ஒரு ஆள் வரத்தானே வேணும்," என்று சொன்னாள். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் போவதை நிற்பாட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதுதான் சோபனா, கடைசி சீற் எனக்கு வேண்டாம். எனக்குப் பின்னால் உயிருள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும். பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். விசிலை நான் நம்பமாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், வாயால் பதில் சொல்ல வேண்டும்.

சிவரூபன், இருக்கிறீங்களா? ... சரி.

சோபனா? ... கையை விடடி, நோகுது.

கமலேஸ்வரி அக்கா?

அக்கா... நித்திரையா?

இல்லை சோபனா, நீயும் திரும்பாத. அக்கா, ஒரு சொல்லுக் கதையுங்கோ. உங்கட வாயால. ஏசினாலும் பரவாயில்லை.